குளிர்கால அலை ஏறும் இடம்

மூன்றாவது படியை இன்னும் தொடவில்லை. தொடாது என்று ஆவுடையப்பன் தனக்குள் சொல்லிக்கொண்டார், சொல்லி முடிப்பதற்குள் ஓர் அலை இரண்டாவது படியில் ஏறிப் பரவி, வந்த வேலை மறந்துபோன ஆள் மாதிரி கொஞ்சம் நின்று, திரும்பிப் போயிற்று. காபிக்கடையின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் கடல், கரை வளைகிற இடத்தில் அவர்களுடைய வீடு. வீடென்றால் வீடில்லை, தூணும் தளமுமாக மூன்று மாடி எழும்பி அப்படியே நின்றுபோன கட்டடம், அதன் தரைத்தளத்தில் கிழக்கே வாசல் வைத்த ஒரு பகுதி, மனைவி பெயரில், சண்முகவடிவு ஆவுடையப்பன் என்று கிரேக்க எழுத்தில் பதிவானது அதுதான். தண்ணீரிலிருந்து எண்ணினால் ஏழாவது படியில் வாசல். கம்பெனிக்காரர்கள் அனுப்பிய படத்தில் முதல் படிக்குக் கீழே வெள்ளைப் படகுகள் வரிசையாக நின்றன, ஒரு வெள்ளைக்காரப் பெண் தண்ணீரில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். மெரினா மெரினா என்று புரோக்கர் பிரபாகர் மூச்சுக்கு மூச்சு சொன்னபோது வடிவுக்கு முதலில் சென்னைக் கடற்கரையும் சுண்டலும்தான் ஞாபகம் வந்தது, "படகு நிறுத்துற துறை மேடம், வாசல்லயே படகு" என்று அவன் விளக்கினான், படகை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய என்று அவள் சிரித்தாள். இப்போது படகு இல்லை, துறை இல்லை, வெள்ளைக்காரி இல்லை, கம்பி வேலியில் நீலத் தார்ப்பாய் ஒன்று கிழிந்து அடித்துக்கொண்டிருக்கிறது. வேலியில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வக்கீல் கலியோபி நேற்றுப் படித்துச் சொன்னாள், குளிர்கால அலை ஏறும் இடம்வரை கரை அரசாங்கத்துக்குச் சொந்தம், இங்கே யாரும் எதுவும் கட்டக்கூடாது, கட்டியது செல்லாது. குளிர்கால அலை ஏறும் இடம். எவ்வளவு சரியான சொல். முப்பத்திரண்டு வருஷம் தூத்துக்குடித் துறைமுகத்தில் சர்வே பிரிவில் கடலை அளந்த மனுஷனுக்கு அதை ஒரு வக்கீல் பெண் விளக்க வேண்டியிருந்தது, அவரும் இப்போதுதான் கேள்விப்படுகிறவர் மாதிரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வடிவு ஒன்பதரைக்கு மேலே ஏறிப் போனாள். மேலே என்றால் மலைச்சரிவில், மஞ்சள் சுவரும் ஆரஞ்சு மரமுமாக ஓர் அரசு அலுவலகம், அங்கே இன்று அவள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டே வரிதான். நேற்று மாலை விடுதியில் கலியோபி அதை ஆங்கிலத்தில் அவசரமாக வாசித்துக் காட்டினாள். வாங்கிய நாளில் கடல் இதுவரை வரும் என்று எனக்குத் தெரியாது, கடலைப் பற்றித் தெரிந்தவர் எவரும் என்னோடு இருக்கவுமில்லை. அப்படித் தெரியாமல் வாங்கியவர்களுக்குக் கம்பெனி மலைமேல் வேறு வீடு தர வேண்டும் என்று உத்தரவு, வீடு இருந்தால்தான் குடியிருப்பு அட்டைக்குப் போட்ட மனு உயிரோடு இருக்கும், அட்டை கையில் வந்தால் வடிவு சித்திரையில் ஜெர்மனிக்குப் போய் மூன்று மாதம் இருக்கலாம், மகள் மதுமதிக்கு இரண்டாவது பிரசவம். பத்து நாள், எட்டு நாள் என்று அளந்து கொடுக்கிற விசாவில் பிரசவம் பார்க்க முடியுமா? தெரிந்து வாங்கியவர்களுக்கு ஒன்றுமே கிடையாது என்பதை மட்டும் கலியோபி வெளியே நடையில் வைத்து அவரிடம் தனியாகச் சொன்னாள். அதை அவர் வடிவிடம் சொல்லவில்லை. சும்மா ஒரு சம்பிரதாயக் கையெழுத்து என்றார், வீணாகப் பயந்துவிடுவாள் என்று தனக்கே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டார். "பெயரில் இருப்பவர் மட்டும் வந்தால் போதும், கணவர் காபி குடிக்கட்டும்" என்று கலியோபி சொல்லிவிட்டாள். தூத்துக்குடி வீடும் வடிவு பெயரில்தான் இருந்தது, அவள் பெயரில் எழுதினால் விளங்கும் என்று ஆவுடையப்பனின் அப்பா சொல்லிவைத்தது, விளங்கவும் செய்தது, அதை விற்றுத்தான் இது. போகும்போது பச்சைச் சேலைக்கு மேல் மதுமதி அனுப்பிய கறுப்புக் கோட்டு, நெற்றியில் திருநீறு, காலில் ஷூ. "என்னங்க, காபி ஆறிப்போகுது, குடிங்க. நான் கையெழுத்தப் போட்டுட்டு வந்துருதேன்" என்றாள், தெருமுனையில் பால் வாங்கப் போகிறவள் மாதிரி. காபியில் பாதி மண்டி. குடித்தால் நாக்கில் மணல்போல் நிற்கிறது, துப்பவும் முடியவில்லை, ஊர் பேர் தெரியாத இடத்தில் எங்கே துப்புவது?

முதல் பிரசவத்துக்குப் போக முடியவில்லை. போக முடியவில்லை என்பது ஊருக்குச் சொல்வது, உண்மையில் அவர் விண்ணப்பத்தை நேரத்துக்குப் போடவில்லை. பொறு, பாப்போம். ஆவுடையப்பன் வீட்டில் எந்தப் பேச்சுக்கும் முதல் பதில் அதுதான். குழாய் ஒழுகினால் பொறு பாப்போம், மதுமதிக்கு வரன் வந்தால் பொறு பாப்போம், விசாவுக்கு எழுதிப்போட வேண்டும் என்று வடிவு ஐந்தாம் மாதத்திலிருந்து சொன்னபோதும் பொறு பாப்போம். எட்டாம் மாதத்தில் எழுதிப்போட்டார், காரணம் போதாது என்று ஒரே வரியில் திரும்பி வந்தது. வடிவு கிண்டி அனுப்பிய பிரசவ லேகியம் அதற்கும் முன்னாலேயே திரும்பி வந்துவிட்டது, அந்த ஊர்ச் சுங்கத்தில் அதற்கு என்ன பெயர் போடுவதென்று தெரியவில்லை. மருமகன் நல்ல பையன்தான், அவனுக்குப் பத்து நாள் லீவு, பதினோராம் நாள் வேலைக்குப் போய்விட்டான். பன்னிரண்டாம் நாள் மதுமதிக்குப் பால் கட்டிக் காய்ச்சல், பிள்ளை அழுகிறது, அவளும் அழுகிறாள், இங்கே தூத்துக்குடி அடுக்களையில் புளி ஜாடிமேல் போனைச் சாத்திவைத்துக்கொண்டு வடிவு, "தலைய ஏந்திப் பிடிம்மா, கழுத்துக்குக் கீழ கையக் குடு, பயப்படாத, ஒண்ணும் ஆகாது, இப்பத் தண்ணிய ஊத்து" என்று வெறும் காற்றில் கையை ஏந்திக் காட்டினாள். பேரனைக் குளிப்பாட்டி முடித்து, போன் அணைந்த பிறகும், கையைக் கொஞ்ச நேரம் அப்படியே ஏந்தினபடி இருந்தாள். அவர் வாசலில் நின்று பார்த்தார், பார்த்துவிட்டு மாடிக்குப் போனார். அன்றைக்கு அவள் வாய்விட்டுத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். திட்டவில்லை. "அவருக்கு ஆபீசுல பழகிப்போச்சிக்கா, எதையும் அளந்து பாத்துத்தான் செய்வாரு" என்று அக்காவிடம் போனில் அவருக்காகப் பரிந்து பேசிக்கொண்டிருந்தாள். மாடியில் அவர் காதில் விழுந்தது. இனி ஒரு காரியத்திலாவது பொறு பாப்போம் என்று சொல்வதில்லை என்று அப்போது முடிவு செய்தார். அப்படி முடிவு செய்வதற்கு அவருக்கு வேறு காரியமே கிடைக்கவில்லை பாருங்கள்.

பத்திரம் பதிவான அன்று ஆனி கடைசி நாள், புதன்கிழமை. கலியோபியின் மேஜையில் மின்விசிறி சுற்றியது, தாள்கள் பறக்காமல் இருக்க ஒரு கல்லை வைத்திருந்தாள். எல்லாம் தயார். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "திங்கட்கிழமை வரை பொறுங்கள். கரை எல்லையைக் காட்டும் தாள் ஒன்று இன்னும் வரவில்லை. அதைப் பார்த்துவிட்டால் நிம்மதி. உங்கள் விமானம் செவ்வாய்தானே?" என்றாள். அவரைப் பார்த்து ஒரு ஆள் பொறுங்கள் என்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வடிவு காதோரம் குனிந்து, "திங்கக்கிழமைன்னா ஆடி அஞ்சுங்க. ஆடியில யாராவது பத்திரம் பதிவாங்களா?" என்றாள். பதியமாட்டார்கள். அவர்கள் தெருவில் ஆடி மாதம் ஒரு சைக்கிள்கூட வாங்கமாட்டார்கள், பதிவு அலுவலகம் ஈ ஓட்டும். அதைக் கலியோபிக்கு எப்படிச் சொல்வது? "நாளையிலிருந்து ஒரு மாதம் நாங்கள் நல்ல காரியம் எதுவும் செய்யமாட்டோம்" என்றார். "விடுமுறையா?" "இல்லை." "துக்கமா?" "அதுவும் இல்லை. மாதம்." "ஒரு மாதம் முழுவதுமா? ஒருவருமா?" "ஒருவரும்." அவள் பேனாவைத் திறந்தாள், மூடினாள். "உங்கள் மாதம் முடிந்தால் எங்கள் ஆகஸ்ட். ஆகஸ்டில் இங்கே ஒருவரும் வேலைக்கு வரமாட்டார்கள்" என்றாள், அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, வடிவும் சிரித்தாள், அந்தச் சிரிப்பு திங்கட்கிழமையை அடித்துக்கொண்டு போயிற்று. "இன்றைக்கே போட்டுவிடலாம்" என்றார் ஆவுடையப்பன், மேஜையைத் தட்டாத குறை. வடிவுக்கு ஆடி ஒரு காரணம், மனசறிந்த காரணம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்கு? அவர் என்றைக்கு ஆடியை நம்பினார்? எத்தனை ஆடியில் தூர்வாரும் ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அன்றைக்கு அவருக்கு ஆடி ஒரு கதவு, சாத்திக்கொண்டு பின்னால் ஒளிந்துகொள்ள. திங்கட்கிழமை வரும் தாளில் என்ன இருக்கும் என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அதற்கு முந்தின நாள்தான் இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

அதை நினைக்க வேண்டாம், அலையைப் பார்ப்போம். ஏழாவது அலை பெரிய அலை என்று படகுக்காரர்கள் சொல்வார்கள், இளம் வயதில் வருஷக்கணக்கில் எழுதிப் பார்த்தார், அப்படியொன்றும் இல்லை, காற்று எவ்வளவு தூரம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்ததோ அவ்வளவுதான். இரண்டாவது படி, இரண்டாவது படி, முதல் படி. இந்தக் கடலில் நம்மூர் மாதிரி ஏற்றமும் வற்றமும் கிடையாது, ஒரு சாண் ஏறினால் பெரிது, கோடையில் வந்து பார்க்கிறவனுக்குக் குளத்தங்கரை மாதிரி இருக்கும், சுவரில் ஈரக்கோடு இருக்காது, படியில் பாசி இருக்காது. ஒன்றும் தெரியவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம். அந்த நார் உருண்டை மட்டும் இல்லாதிருந்தால் சொல்லலாம். அன்றைக்கு வடிவு ஏழு படியும் ஏறி, கதவு வைக்காத வாசல் வழியாக வலதுகாலை எடுத்துவைத்து உள்ளே போய், கூடத்து நடுவில் குனிந்து எதையோ பொறுக்கினாள். "என்னங்க இது, பாத்திரம் தேய்க்குத தேங்கா நார உருட்டி வச்ச மாதிரி இருக்கு?" எலுமிச்சம்பழ அளவு, பழுப்பு நிறம், தொட்டால் சொரசொரவென்று நார். ஒன்றில்லை, இருபது முப்பது கிடந்தன, சிமெண்டுத் தரையில் வில்லாக வளைந்த ஒரே வரிசையில். அவர் அதற்குமுன் அதைக் கண்ணால் கண்டதில்லை, ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துபோயிற்று. கடலடியில் முளைக்கிற புல்லின் நார், அலை உருட்டி உருட்டித்தான் அது உருண்டையாகும், அலை கொண்டுவந்து வைத்தால்தான் இப்படி வரிசை கட்டும். காற்று கொண்டுவந்திருந்தால் மூலையில் குவிந்திருக்கும். வாசலுக்கு உள்ளே, ஏழு படிக்கும் மேலே, குளிர்காலத்தில் கடல் இந்தக் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறது. வடிவு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள், அவர் என்ன சொன்னாலும் நம்பப் போகிற முகம். "காத்துல உருண்டு வந்திருக்கும்" என்றார். "ஆமா, லேசாத்தான இருக்கு" என்று அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள், பேரனுக்குப் போனில் காட்ட வேண்டுமாம். மூன்று வார்த்தை. அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் அந்த மூன்று வார்த்தைக்குக் காவல் நின்றதுதான்.

ஏன் அப்படிச் சொன்னார்? மனசு எங்கே சுற்றினாலும் கடைசியில் இங்கேதான் வந்து முட்டுகிறது. பெரிய கம்பெனி, துறை கட்டும்போது அலைத்தடுப்புச் சுவர் போடாமலா இருப்பார்கள் என்று நினைத்ததாக ஒரு நாள் சொல்லிக்கொள்வார். ஒரே ஒரு மோசமான குளிர்காலத்தில் வந்திருக்கும், வருஷா வருஷம் வராது என்று நினைத்ததாக இன்னொரு நாள். இரண்டும் பிற்பாடு உட்கார்ந்து யோசித்துச் செய்தவை. அந்த நேரத்தில் அவர் நினைத்தது ஒன்றே ஒன்றுதான், வடிவு அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் படியில் நின்று, "மது வந்தான்னா பிள்ளைய இந்தப் படியில உக்கார வச்சிச் சோறு ஊட்டலாம், என்னா காத்து" என்று சொல்லியிருந்தாள், அந்தக் கை அன்றைக்கு எதையும் ஏந்தாமல் சும்மா இடுப்பில் இருந்தது. வேண்டாம் வடிவு, பொறு, பாப்போம் என்று அவர் சொல்ல வேண்டும். அவரால் முடியவில்லை. நாற்பது வருஷமாக வாய் ஓயாமல் சொன்ன வார்த்தை அந்த ஒரு நாள் மட்டும் வரவில்லை. துறைமுகத்தில் நீர்மட்டக் கம்பத்தைத் தினமும் ஆறு மணிக்குப் போய்ப் படித்து எழுத வேண்டும், ஒரு புயல் நாளில் போக முடியாமல் ஆனபோது முந்தின நாளையும் மறுநாளையும் வைத்து உத்தேசமாக எழுதிவிடலாம், எல்லாரும் எழுதுவார்கள், அவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார், மேலதிகாரியிடம் திட்டும் வாங்கினார். அப்பேர்ப்பட்ட மனுஷன். யாருக்கும் பிரயோஜனமில்லாத ஒரு கட்டத்தில் பொய் எழுதாதவன், பெண்டாட்டி கேட்ட ஒரு கேள்விக்கு எழுதிவிட்டான்.

நேற்று ராத்திரியாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் கையெழுத்துப் போடமாட்டாள். அவளைத் தெரியாதா, முப்பது வருஷம் இங்கிலீஷ் டீச்சர், சொந்த அண்ணன் மகனை ஒரு மார்க்கில் பெயில் போட்டுவிட்டு அந்த வருஷப் பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போகாமல் இருந்தவள். அவளுக்குத் தெரியாமல் இருக்கிற வரைக்கும்தான் அந்தக் காகிதம் உண்மை. அப்படிப் பார்த்தால் அவர் வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்குச் செய்கிற உபகாரம், மதுமதிக்குச் செய்கிற உபகாரம், காகிதத்தில் பொய் சொல்பவர் யாருமில்லை, பொய் சொன்னவன் இங்கே உட்கார்ந்து காபி மண்டியைக் கிளறிக்கொண்டிருக்கிறான். படிவம் நிரப்பும்போது கணவரின் தொழில் என்ன என்று கலியோபி கேட்டாள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர் என்று அவர் முந்திக்கொண்டு சொன்னார். வடிவு முகம் சுண்டிப்போயிற்று. கலியோபி போனதும், "ஏங்க, வெறுமன அரசு ஊழியர்னு சொல்லுதீங்க? ரேஷன் கடையில எட போடுதவரும் அரசு ஊழியர்தான். கடல அளந்தவருன்னு சொன்னா கொறஞ்சா போயிரும்?" என்றாள். "அது எதுக்கு இங்க?" "உங்களுக்கு என்னைக்குமே உங்களப் பத்திச் சொல்லிக்கிடத் தெரியாது." கல்யாண மண்டபத்தில் பக்கத்து நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இலை போடுவதற்குள் சொல்லிவிடுவாள், இவரு ஆழம் பாத்துச் சொன்னாத்தான் கப்பலே உள்ள வரும் என்று. அவருக்குக் கூச்சமாக இருக்கும், வேண்டாம் என்று கண்ணால் காட்டுவார், உள்ளுக்குள் பிடிக்கவும் செய்யும். ராத்திரி அவள் தூங்கிவிட்டாள், அவர் தூங்கவில்லை, அவள் மூச்சு ஒரே சீராகப் போய் வந்துகொண்டிருந்தது.

கடைக்காரர் வந்து கோப்பையை எடுத்தார். கனத்த மனிதர், முழங்கைவரை ரோமம், ஈரக்கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு கண்ணாடி வழியே கட்டடத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த நாலைந்து ஆங்கில வார்த்தைகளில், "குளிர்காலம், தண்ணி, கதவு" என்றார், கையை வாசல் உயரத்துக்கு உயர்த்திக் காட்டி, பிறகு கதவுக்குள்ளே தள்ளிக் காட்டினார். ஒவ்வொரு வருஷமுமா? "ஒவ்வொரு. என் அப்பா. அப்பாவின் அப்பா. எல்லாருக்கும் தெரியும்." சிரித்தார், பல்லெல்லாம் தெரிந்தது. "யாரோ வாங்கிட்டான், பைத்தியக்காரன்" என்று நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றிவிட்டு, சட்டென்று நின்று அவர் முகத்தைப் பார்த்தார். "உங்களுதா?" ஆவுடையப்பன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இல்லை. சும்மா பார்க்கிறேன்" என்றார். இன்னொன்று. ஒரு பொய்க்கு வாய் பழகிவிட்டால் பிறகு கடைக்காரனிடமும் வருகிறது, வேண்டாத இடத்திலும் வருகிறது. அவருக்குப் பயமாக இருந்தது, கையை இரண்டு தொடைக்கு நடுவில் செருகிக்கொண்டார். கையெழுத்துப் போட இவ்வளவு நேரமா? இரண்டு வரி. பத்து நிமிஷம். வாசித்துக் காட்ட ஐந்து நிமிஷம், முத்திரை குத்த ஐந்து நிமிஷம். அலை வந்தது. தார்ப்பாயைப் படபடவென்று அடித்துக்கொண்டு காற்று முன்னால் வந்தது, பின்னாலேயே தண்ணீர், முதல் படி, இரண்டாவது படி, மூன்றாவது படியின் மேல் வெள்ளையாக ஏறி, விளிம்பில் வழிந்து, அங்கே ஒரு கறுத்த ஈரத்தை விட்டுவிட்டுப் போயிற்று. அந்த ஈரம் காய்வதற்குள் அடுத்தது வந்துவிடும்.

பதினொன்றே காலுக்குக் கறுப்புக் கோட்டு சரிவில் இறங்கி வந்தது. வடிவு வேகமாக நடந்தாள், கலியோபி பத்தடி பின்னால், கோப்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு மெதுவாக. வடிவு சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று தூரத்திலேயே தெரிந்தது. அவருக்கு மூச்சு வந்தது. போட்டுவிட்டாள். தப்பித்தோம் என்றே நினைத்தார், எழுந்து வெளியே போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சி. ஆனா அந்தக் காயிதத்துல இல்ல." குளிரில் அவள் மூக்கு சிவந்திருந்தது. "அந்த ரெண்டாவது வரி இருக்குல்லா, நேத்து இவ கடகடன்னு வாசிச்சிட்டா, எனக்குப் பிடிபடல. இன்னைக்குக் கையில வாங்கி நிதானமா வாசிக்கேன், கடலப் பத்தித் தெரிஞ்சவர் யாரும் என்கூட இல்லன்னு எழுதியிருக்கு. அதுல நான் எப்படிங்க கையெழுத்துப் போடுவேன்? நீங்க கூட இருந்தீங்கள்லா?"

"வடிவு…"

"கேளுங்க. உள்ள ஒரு பொம்பள ஆபீசர், நல்ல மனுஷி. கூட வந்தது யாருன்னு கேட்டாங்க. என் வீட்டுக்காரருன்னேன். இவ எழுதிக்குடுத்தத வாசிக்காங்க, அரசு ஊழியராம். எனக்குப் பொறுக்கல. முப்பத்திரண்டு வருஷம் ஹார்பர்ல கடல அளந்தவரு, அவரு பாத்துச் சரின்னு சொல்லாம நாங்க ஒரு அடி மண்ணு வாங்க மாட்டோம்னு சொல்லிட்டேன். கலியோபி என் கையப் பிடிச்சி இழுக்கா, நான் வேகமாப் பேசுதேன்னு நினைச்சிட்டா போல, அதனால திரும்ப ஒருவாட்டி நிறுத்தி நிதானமாச் சொன்னேன்."

அவர் கலியோபியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க பேனாவக் கீழ வச்சிட்டாங்க. அப்படியா, அவரு நேர்ல வந்து பாத்தாரான்னு கேட்டாங்க. பாத்தாரு, இந்தா பாருங்க, இத எடுத்து நான் என்னன்னு கேட்டப்போ காத்துல வந்ததுன்னு ஒரு பார்வையில சொன்னாருன்னு அந்த நார் உருண்டைய எடுத்து மேசையில வச்சேன், பையிலயே கிடந்துச்சில்லா. அவங்க அத ஒரு கவர்ல போட்டு எடுத்து வச்சிக்கிட்டாங்க. நான் சொன்னது பூராத்தையும் எழுதி, வாசிச்சிக் காட்டி, அதுல கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க. அந்தப் பழைய காயிதம் ஒண்ணுந் தெரியாம வாங்கினவங்களுக்கு உள்ளதாம், உங்களுக்கு அது வராதுன்னு சொல்லிட்டாங்க. நமக்கு எதுக்குங்க அது? அவங்கதான் கரைக் கோட்டத் தப்பாப் போட்டுருக்காங்க. வேணும்னா எங்க வீட்டுக்காரரு கீழ காபிக்கடையிலதான் இருக்காரு, கூப்பிடுங்க, வந்து திரும்ப அளந்து தருவாருன்னேன்."

அவள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் தோளுக்கு மேலே நாலாவது படியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மதுமதி எந்திரிச்சிருப்பா, சொல்லிருவோம் என்று போனை எடுத்துக்கொண்டு, காற்றுக்கு மறைவாகக் கடைச் சுவரோரம் ஒதுங்கினாள். கலியோபி அவர் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கலாம்" என்றாள். "இனி?" என்றார் அவர். அவள் ஒன்றுமில்லை என்று தலையை அசைத்தாள். மேல்முறையீடு என்று ஒன்று இருக்குமே, வேறு ஏதாவது? அவள் மறுபடியும் தலையை அசைத்துவிட்டு, கோப்பின் நாடாவை இழுத்து இறுக்கினாள். அதில் இன்னும் முடிச்சுப் போட என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. வடிவிடம் இப்போது சொல்ல வேண்டும். இந்த நிமிஷம். பொறு என்று சொல்ல வேண்டும், போனை வை, பொறு. வாய் திறந்தது. அவள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள், "லேகியத்த நானே கையில கொண்டு வாரேன், இந்தவாட்டி எவன் திருப்பி அனுப்புதான்னு பாக்கேன்," ஒரு கையில் போன், இன்னொரு கை காற்றில் எதையோ ஏந்திக் காட்டிக்கொண்டிருந்தது.

"இந்தாங்க, உங்க மகளுக்கு என்மேல நம்பிக்கை இல்லையாம், நீங்க சொல்லணுமாம்" என்று போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

சின்னச் சதுரத்தில் மதுமதி. முகம் ஊதியிருந்தது, தலை வாராமல் இருந்தது, மடியில் பேரன் எதையோ கடித்துக்கொண்டிருந்தான். "அப்பா, அம்மா சொல்லுததெல்லாம் உண்மையாப்பா? சித்திரைக்கு வந்துருவீங்களா?"

அவள் இரண்டு கேள்வி கேட்டாள். அவர் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார்.

"அம்மா சொன்னது எல்லாமே உண்மைதாம்மா."